'கட் ஆஃப்' என்னும் ஆங்கிலத் தொடர்வினை: லாங் ஐலண்டை முன்வைத்து ஒரு பொருளாய்வு

அந்தமானின் நடுத்தீவுக்குக் கிழக்கே, ரங்கத் வட்டாரத்தைச் சார்ந்து கிடக்கும் சிறு தீவு லாங் ஐலண்ட். அங்குச் செல்லச் சாலை வழி கிடையாது. ரங்கத்தை அடுத்த எரட்டா படகுத்துறையிலிருந்தோ, போர்ட் பிளேரிலிருந்தோ (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) கடல்வழியே செல்லுதல் வேண்டும். ஒட்டுப்பலகை ஆலை ஒன்று அங்கு இயங்கிப் பின்னர் மூடப்பட்டது. 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடி ஒளியிழை வடம் கரையேறும் தீவுகளுள் இதுவும் ஒன்று.

இத்தீவின் மரம், கப்பல், வடம் ஆகியவை பற்றி ஆங்கிலத்தில் எழுதும் ஒருவர் 'கட் ஆஃப்' என்னும் ஒரே தொடர்வினையைக் கொண்டு பெரும்பகுதியைச் சொல்லிவிட இயலும். அடிமரத்திலிருந்து கிளை 'கட் ஆஃப்' செய்யப்படுகிறது. வடத்தின் வழி வரும் சேவை 'கட் ஆஃப்' ஆகிறது. கடல் கொந்தளித்துக் கப்பல் வராதபோது தீவே 'கட் ஆஃப்' ஆகிவிடுகிறது. வனநிலத்தில் குடியேறியவருக்கு அந்நிலத்தின்மீது உரிமை உண்டா, இல்லையா என்பதை முடிவுசெய்யும் நாளும் 'கட் ஆஃப்' நாள் என்றே வழங்கப்படுகிறது. இந்நான்கையும் தமிழில் ஒரு சொல்லால் உணர்த்த இயலாது. உணர்த்த முயன்றவிடத்தெல்லாம் பொருள் திரிபு நேர்ந்துள்ளது.

இத்திரிபு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்ந்தோர் 3,80,581 பேர். அவருள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். வங்காளி, இந்தி ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாம் இடம் தமிழுக்கு உரியது. எனினும் அங்கு ஆட்சிமொழிகளாக இருப்பவை இந்தியும் ஆங்கிலமுமே. ஆகவே அலுவலகச் செய்தியொன்று தமிழ் மட்டுமே நன்கறிந்த ஒருவரைச் சென்றடையும்போது அது பெரும்பாலும் யாரோ ஒருவரின் மொழிபெயர்ப்பாகவே, பல வேளைகளில் வாய்மொழி மொழிபெயர்ப்பாகவே சென்றடைகிறது. புயல் நாளிலும் நிலவுரிமை வழக்கிலும் இம்மொழிபெயர்ப்பு பிழைபட்டால் அதன் விளைவை ஏற்பவர் அவரே.

1. அமைப்பு

வினையும் அதனை அடுத்து நிற்கும் சிறுசொல்லும் கூடி ஒரு பொருள் தருவதை ஆங்கில இலக்கணத்தார் 'ஃப்ரேசல் வெர்ப்' என்பர். இப்பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் 1925ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் எடுத்தாண்டு பரவச் செய்தார். பெயரைத் தமக்குத் தந்தவர் அகராதியாசிரியர் ஹென்றி பிராட்லி என்றும் குறித்துள்ளார். பெயர் பிந்தியதாயினும் சிக்கல் பழையது. 1755ஆம் ஆண்டு வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் இவ்வகைச் சேர்க்கைகள் அயலாருக்குப் பெரும் இடர் தருவன எனச் சுட்டியிருக்கிறார். தமிழில் இதற்கு நிலைபேறு பெற்ற கலைச்சொல் இல்லை. 'கூட்டுவினை' என்பது தமிழ் வினைகளுக்கே வேண்டப்படுவதால் இங்குத் 'தொடர்வினை' என்னும் சொல் ஆளப்படுகிறது.

'கட்' என்னும் வினை பழைய ஆங்கிலத்தில் காணப்படவில்லை. இடைக்கால ஆங்கிலத்தில் தோன்றும் இச்சொல் ஸ்காண்டிநேவியத் தொடர்புடையதாகலாம் என்பது பலர் கருத்து. 'ஆஃப்' என்பதோ மிகப் பழைய சொல். இன்று வேற்றுமைப் பொருளில் வழங்கும் 'ஆவ்' என்பதும் இதுவும் தொடக்கத்தில் ஒரே சொல்லின் அழுத்தம் பெற்ற வடிவமும் பெறாத வடிவமுமாக இருந்து, 17ஆம் நூற்றாண்டளவில் எழுத்திலும் வேறாகப் பிரிந்தன. 'ஒன்றினின்று நீங்குதல்' என்னும் பொருள் 'ஆஃப்' என்பதன் அடிப்படை. புறப்படுதல், நிறுத்தப்படுதல், முற்றுப்பெறுதல், அணுகாதிருத்தல் ஆகிய பொருள்கள் அதினின்று கிளைத்தவை.

'ஆஃப்' போன்றவற்றைத் தமிழ் இலக்கண மரபின் 'இடைச்சொல்' என்னும் வகையோடு ஒப்பிடும் வழக்கம் உண்டு. பெயரோடும் வினையோடும் சேர்ந்தன்றித் தனித்து இயங்காமை இடைச்சொல்லின் இயல்பு எனத் தொல்காப்பியம் கூறும். ஆங்கிலச் சிறுசொல் அவ்வளவு சார்புடையதன்று. அது வினையை விட்டு விலகி நிற்கவும் வல்லது. 'கட் ஆஃப் தி சப்ளை' என்றும் 'கட் தி சப்ளை ஆஃப்' என்றும் கூறலாம். செயப்படுபொருள் சுட்டுப்பெயராயின் 'கட் இட் ஆஃப்' என்பதே ஏற்கப்படும். 'கட் ஆஃப் இட்' என்பது வழு. அழுத்தமும் நோக்கத்தக்கது. வினையாக வரும்போது அழுத்தம் பெரும்பாலும் 'ஆஃப்' மீதும், பெயராக வரும்போது 'கட்' மீதும் விழும். தமிழர் பேச்சில் இவ்வேறுபாடு காக்கப்படுவதில்லை. ஆதலின் பெயரும் வினையும் மயங்குகின்றன.

2. கோடரியும் ரம்பமும்

அடிப்படைப் பொருளாகிய 'வெட்டிப் பிரித்தல்' எளிது போலத் தோன்றும். உண்மையில் இங்குத்தான் இரு மொழிகளின் போக்கும் வேறாதல் தெளிவாகிறது.

ஆங்கிலம் 'கட்' என்னும் ஒரே வினையை வைத்துக்கொண்டு சிறுசொல்லை மாற்றி விளைவைக் காட்டும். நின்ற மரத்தைச் சாய்த்தால் 'கட் டவுன்'. சாய்ந்த மரத்தைத் துண்டு போட்டால் 'கட் அப்'. கிளையை நீக்கினால் 'கட் ஆஃப்'. பலகையிலிருந்து ஓர் உருவை வெட்டி எடுத்தால் 'கட் அவுட்'. (இறுதியாகக் கூறிய சொல் தமிழ்நாட்டுத் தெருக்களில் ஆளுயர, பனையுயர உருவங்களுக்குப் பெயராகிக் 'கட்அவுட்' என வேரூன்றிவிட்டது. தமிழில் அதற்கு வெட்டும் தொழிலோடு தொடர்பே இல்லை.) செயலை வினை காட்டுகிறது, விளைவைச் சிறுசொல் காட்டுகிறது. மொழிகளின் இவ்வியல்பை லெனார்ட் டால்மி 1985 முதல் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

தமிழ் இரண்டு வகையில் மாறுபடுகிறது. முதலாவது, செயலைக் குறிக்கும் வினை ஒன்றன்று. கோடரியால் வெட்டுவர், ரம்பத்தால் அறுப்பர், கத்தரியால் கத்தரிப்பர், கதிரை அறுப்பர், பூவைக் கொய்வர், இளநீரைச் சீவுவர், மரத்தின் பக்கக் கிளைகளைக் கழிப்பர். கருவியும் பொருளும் அறியாமல் தமிழ் வினையைத் தெரிந்தெடுக்க இயலாது. போர்ட் பிளேரை அடுத்த சாத்தம் தீவில் 1883 முதல் உள்ள மர ஆலையைத் தமிழில் 'அறுவை ஆலை' என்கிறோமே அன்றி 'வெட்டு ஆலை' என்பதில்லை. கூப்பில் வெட்டுதல், ஆலையில் அறுத்தல் எனத் தொழிற்களமே வினையைப் பிரித்துவைத்துள்ளது.

இரண்டாவது, விளைவைத் தமிழ் பின்வரும் வினையால் உணர்த்தும். வெட்டிச் சாய்த்தான், வெட்டி எடுத்தான், வெட்டிப் போட்டான், வெட்டி எறிந்தான், வெட்டி விட்டான் என்பன காண்க. இ. அண்ணாமலை 1985இல் வெளியிட்ட நூல் தமிழ் வினைகளின் இத்தகைய விரிவாக்கத்தை ஆராய்கிறது. இங்குக் கருதத்தக்கது யாதெனின், வெட்டுண்ட பொருளுக்கு அடுத்து என்ன நேர்ந்தது என்பதைத் தமிழ் சொல்லியாக வேண்டியிருக்கிறது. வேண்டி வெட்டியதாயின் 'எடு'. வேண்டாது வெட்டியதாயின் 'எறி' அல்லது 'போடு'. 'ஆஃப்' அதைச் சொல்வதில்லை. அது பிரிவை மட்டும் கூறி நின்றுவிடுகிறது. குர்ஜன் மரத்தின் கிளையைக் 'கட் ஆஃப்' செய்ததாக ஓர் அறிக்கை கூறின், ஒட்டுப்பலகைக்கு அடிமரமே வேண்டும் என்பதை அறிந்த மொழிபெயர்ப்பாளர் 'கிளைகளைக் கழித்தனர்' என எழுதுவார். அறியாதவர் 'கிளைகளை வெட்டி எடுத்தனர்' என எழுதிக் கிளையையே விளைபொருளாக்கிவிடுவார்.

3. துண்டிக்கப்பட்டது எது?

தொடர்வினையின் வளமான பகுதி இனி வருவது.

ஒரு வழங்கலில் மூன்று கூறுகள் உள்ளன: வழங்குமிடம், இடையிலுள்ள இணைப்பு, பெறுமிடம். 'கட் ஆஃப்' என்பதன் செயப்படுபொருளாக ஆங்கிலத்தில் இணைப்பும் வரலாம்; பெறுமிடமும் வரலாம். தண்ணீரைக் 'கட் ஆஃப்' செய்தனர் எனலாம். எங்களைக் 'கட் ஆஃப்' செய்தனர் என்றும் கூறலாம். இரண்டும் ஒரே நிகழ்ச்சி. இந்நெகிழ்ச்சியே தீவையும் ஊரையும் அவ்வினைக்குச் செயப்படுபொருளாக்குகிறது.

தமிழில் இதற்கு நேர் என வழங்கும் சொல் 'துண்டி'. 'துண்டு' என்னும் பெயரடியாகப் பிறந்த இவ்வினை, துண்டாகும் பொருளையே செயப்படுபொருளாக ஏற்கும். மின் இணைப்பைத் துண்டிக்கலாம், உறவைத் துண்டிக்கலாம், தொலைபேசித் தொடர்பைத் துண்டிக்கலாம். 'எங்களைத் துண்டித்தனர்' என்றால் கேட்போர் நடுங்குவர். 'லாங் ஐலண்ட் துண்டிக்கப்பட்டது' என்னும் தொடரும் அத்தகையதே. தீவு இரண்டாகப் பிளந்தது என்பதே அதன் நேர்ப்பொருள். இத்தகைய தொடர்களைச் செய்தித்தாள்களில் காண்கிறோம். பழகிப்போனமையால் பொருள் புரிகிறது. எனினும் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குக் காரணமான நிலநடுக்கம் அந்தமான் நிலப்பரப்பையே சிலவிடங்களில் உயர்த்தியும் சிலவிடங்களில் தாழ்த்தியும் விட்டது என்பதை நினைத்தால், 'தீவு துண்டிக்கப்பட்டது' என்பதை நேர்ப்பொருளில் கொள்வோரை அறியாதவர் எனத் தள்ளிவிட முடியாது.

ஆகவே தமிழில் 'தொடர்பு', 'போக்குவரத்து', 'இணைப்பு' ஆகியவற்றுள் ஒன்றைப் பெய்தாக வேண்டும். பெய்யும்போது அடுத்த வினா எழுகிறது: எந்தத் தொடர்பு? 1964 டிசம்பர் 22–23 இரவில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்து, பாம்பன் பாலம் சிதைந்தபோது, இராமேசுவரம் 'கட் ஆஃப்' ஆனது என ஆங்கிலம் சொல்லி நிறுத்திக்கொள்ளும். 'இராமேசுவரத்துக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான இரயில் தொடர்பு அறுந்தது' எனத் தமிழ் விரித்துரைக்கும். பாம்பனில் சாலைப்பாலம் அன்று இல்லை. இரயில் பாலம் ஒன்றே இருந்தது. ஆதலின் விரித்துரைத்தலில் இடர் இல்லை.

லாங் ஐலண்டில் நிலை வேறு. கப்பல் நின்றாலும் வடம் பழுதுறாதிருக்கலாம். வடம் பழுதுற்றாலும் கப்பல் ஓடலாம். 'தொடர்பு' என்னும் சொல்லை மட்டும் வாளா எழுதின் இன்றைய தமிழ் வாசகர் தொலைபேசியையே நினைப்பர். 'லாங் ஐலண்டுடனான தொடர்பு துண்டிக்கப்பட்டது' எனப் படித்த சென்னை உறவினர் ஒருவர், பேசிப் பார்த்தும் பயனில்லை என எண்ணி வாளாவிருக்க நேரலாம். மூலமோ கப்பல் நிறுத்தத்தை மட்டும் கூறியிருக்கும். ஆங்கில மூலம் விரிவாகக் கூறாதவிடத்து மொழிபெயர்ப்பாளர் உய்த்துணர்ந்து எழுதுதல் கூடாது, கேட்டறிதல் வேண்டும். கேட்டறிய வழியில்லாதபோது 'லாங் ஐலண்டுக்குச் சென்றுவர இயலாத நிலை' என்றோ, 'வெளியுலகத் தொடர்பின்றி' என்றோ மூலத்தின் பொதுமையைக் காப்பது தக்கது. பொதுமையைக் காக்கும் சொல் தமிழில் இல்லை என்பது பொருந்தாது. துண்டித்தலைக் கைவிட்டால் சொல் கிடைக்கிறது.

வெள்ளத்தில் சூழப்பட்ட ஊரைப் பற்றித் தமிழ்ச் செய்தியாளர் ஆளும் அழகிய தொடர் ஒன்று உண்டு: 'தனித்தீவாக மாறியது'. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்துத் திருவைகுண்டம் வட்டாரத்தை நீர் சூழ்ந்தபோதும் இத்தொடர் பொருந்திற்று. 'கட் ஆஃப்' என்பதன் இரண்டாம் பயன்பாட்டுக்கு, அதாவது பெறுமிடமே செயப்படுபொருளாதலுக்கு, தமிழ் தானே கண்ட விடை இது எனலாம். அங்கு ஊரே எழுவாயாகிறது, இணைப்பைப் பெயரிட வேண்டுவதில்லை. ஆயின் இயல்பிலேயே தீவாகிய ஒன்றுக்கு இதனைப் பயன்படுத்த முடியாது. லாங் ஐலண்ட் தீவாக மாறியது என எழுதினால் நகைப்பே மிஞ்சும்.

இந்தி மொழி இங்கு ஆங்கிலத்தின் பக்கம் நிற்பது கருதத்தக்கது. இந்தியில் 'கட்னா' என்னும் வினைக்குத் தொடர்பும் எழுவாயாகலாம், ஊரும் எழுவாயாகலாம். தொடர்பு 'கட் கயா' என்பது போலவே, ஊர் உலகத்திலிருந்து 'கட் கயா' என்பதும் இயல்பான இந்தி. இந்தி 'கட்' வடமொழி வேரிலிருந்து வந்தது. ஆங்கிலக் 'கட்'டோடு அதற்கு உறவில்லை. இரண்டும் ஒலியிலும் பொருளிலும் ஒன்றிநிற்பது தற்செயல். ஆயினும் இந்தி பொதுமொழியாக வழங்கும் அந்தமானில், தமிழர் ஒருவர் 'லைன் கட் ஆயிடுச்சு' என்னும்போது அது எந்தக் 'கட்' எனப் பிரித்தறிதல் எளிதன்று. இரு ஆட்சிமொழிகளும் ஒரே திசையில் இழுப்பதால், அங்குத் தமிழில் எழுதுவோர் 'தீவு துண்டிக்கப்பட்டது' என்னும் அமைப்பை நோக்கிச் சாய்வதற்கான வாய்ப்பு தமிழ்நாட்டில் எழுதுவோருக்கு உள்ளதினும் மிகுதி.

4. செய்தது யார், எவ்வளவு நேரம்?

'துண்டி' செயப்படுபொருள் குன்றாத வினை. அதற்கு இணையான தன்வினை வழக்கில் இல்லை. எனவே செய்வோன் இல்லாதவிடத்தும் 'துண்டிக்கப்பட்டது' என்றே எழுத நேர்கிறது. செயப்பாட்டுவினையோ, யாரால் என்னும் வினாவைத் தன்னுள் கொண்டது. கட்டணம் செலுத்தாதவர் வீட்டில் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்பது பொருத்தம், செய்தவர் உளர். (பேச்சில் 'ஃபீசைப் பிடுங்கிட்டாங்க' என்பர். செய்வோனைப் பன்மையாக்கி மறைத்தும் மறைக்காமலும் கூறும் இவ்வழக்கு அலுவலக நடையினும் தெளிவானது.) காற்றில் கம்பி அறுந்து மின்சாரம் நின்றதாயின் 'தடைபட்டது' என்பதே தக்கது. ஆங்கிலம் இரண்டுக்கும் 'கட் ஆஃப்' என்பதை ஆளும்.

'அறு' என்னும் வினையோ 'அறுத்தது', 'அறுந்தது' எனப் பிறவினையும் தன்வினையும் ஒருங்கே உடையது. கடலடி வடம் பழுதுற்றபோது 'வடம் அறுந்தது' என்றால் எவர்மீதும் பழியில்லை. 'வடம் அறுக்கப்பட்டது' என்றால் குற்றம் நிகழ்ந்திருக்கிறது. 'சேவை நிறுத்தப்பட்டது' என்றால் நிருவாகத்தின் முடிவு. 'சேவை நின்றது' என்றால் இயற்கை. நான்கு தொடர்களுக்கும் மூலத்தில் ஒரே தொடர்வினை இருக்கக்கூடும். நிருவாகத்தின் அறிவிப்பைப் பெயர்ப்பவர் 'துண்டிக்கப்பட்டது' என வாளா எழுதிவிடுவதால், புயலின் செயலை நிருவாகத்தின்மீது ஏற்றிவிடுவதும், நிருவாகத்தின் செயலைப் புயலின்மீது ஏற்றிவிடுவதும் ஒருங்கே நிகழ்கின்றன.

கால அளவும் இதனோடு தொடர்புடையது. ஆங்கிலத்தில் 'வாஸ் கட் ஆஃப்' என்பது நிகழ்ச்சியையும் குறிக்கும். நிகழ்ச்சியின் பின் நீடித்த நிலையையும் குறிக்கும். தீவு மூன்று நாள் 'கட் ஆஃப்' ஆயிருந்தது என்னும் கருத்துடைய தொடரை 'மூன்று நாள்கள் துண்டிக்கப்பட்டது' எனப் பெயர்த்தல் வழு. துண்டித்தல் ஒரு நொடியில் முடிவது. அது மூன்று நாள் நடவாது. 'மூன்று நாள்கள் கப்பல் தொடர்பின்றி இருந்தது', 'மூன்று நாள்களாகக் கப்பல் வரவில்லை' என்பன தமிழ். இரண்டாவது தொடர் மிக எளியது என்பதால் சிலர் அதனைத் தவிர்க்கின்றனர். தவிர்ப்பதற்குக் காரணம் இல்லை.

இங்கு இன்னொரு நுட்பமும் உண்டு. 2016 டிசம்பரில் கடும் வானிலையால் ஹேவ்லாக் (2018 டிசம்பர் முதல் ஸ்வராஜ் தீவு), நீல் (ஷஹீத் தீவு) ஆகியவற்றில் நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் கரைசேர இயலாது தங்கினர். கடற்படைக் கப்பல்கள் சென்று மீட்டன. இதனைத் தமிழில் 'சிக்கித் தவித்தனர்' என எழுதுதல் மரபு. வந்தவர் சிக்குவர், அங்கேயே வாழ்பவர் சிக்குவதில்லை. அவர் தம் வீட்டில்தான் இருக்கிறார். அவருக்கு வரவேண்டிய அரிசியும் மருந்துமே வரவில்லை. ஒரே தீவில், ஒரே நாளில், 'கட் ஆஃப்' ஆன இரு சாராருக்கு இரு வேறு தமிழ் வினைகள் தேவைப்படுகின்றன. 'தீவு மக்கள் சிக்கித் தவிப்பு' என்னும் தலைப்பு மீட்புக் கப்பலை வேண்டுகிறது. 'தீவுக்குப் பொருள் வரத்து நின்றது' என்னும் தலைப்பு சரக்குக் கப்பலை வேண்டுகிறது.

5. பேச்சும் உறவும்

எஞ்சிய பொருள்களைச் சுருங்கக் கூறலாம். ஒருவர் பேசும்போது இடையே புகுந்து நிறுத்துவது 'இடைமறித்தல்', 'குறுக்கிடுதல்'. 'பேச்சை வெட்டினார்' என்பதும் பழகிய வழக்கே. ஊர்தியை மறித்துக் குறுக்கே புகுதலை அமெரிக்க ஆங்கிலம் இத்தொடர்வினையால் குறிக்கும். இளமையில் இறந்தவரை அது 'கட் ஆஃப்' ஆனவர் என்னும். தமிழில் வெட்டு வினை எதுவும் அவ்விடத்திற்கு ஏற்றதன்று.

உறவைப் பற்றிய பொருளில் தமிழ் வளமுடையது. தானே விலகினால் 'உறவை முறித்துக்கொண்டார்'; இங்குக் 'கொள்' என்னும் துணைவினை இன்றியமையாதது. ஊரார் விலக்கினால் 'ஒதுக்கி வைத்தனர்', 'தள்ளி வைத்தனர்'. பெற்றோர் மகனைக் கைவிட்டுச் சொத்துரிமையும் மறுத்தால் 'தலைமுழுகினார்'. இறப்புச் சடங்கின் நீராட்டை உயிருடன் உள்ளவர்மீது ஏற்றும் இவ்வழக்கு, ஆங்கிலத் தொடர்வினையினும் கடுமையானது. பத்திர வாசகத்தில் அதனை ஆள இயலாது. புதினத்தில் வேறொன்றை ஆளுதல் வீண்.

6. 'கட் ஆஃப்' மதிப்பெண்ணும் 'கட் ஆஃப்' நாளும்

பெயராகும்போது இத்தொடர் எல்லைக்கோட்டைக் குறிக்கிறது. தமிழ்நாட்டில் இச்சொல்லை அறியாத வீடு இல்லை. பொறியியல் சேர்க்கைக்குக் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50 வீதம் 200க்குக் கணக்கிடப்படும் மதிப்பெண் 'கட்-ஆஃப்' எனப்படுகிறது. ஆங்கிலத்தில் அது கல்லூரி வகுக்கும் எல்லை: இதற்குக் கீழே இடமில்லை என்பது. தமிழிலோ அது மாணவரின் உடைமை: 'என் கட்-ஆஃப் 187' என்பர். எல்லையைக் குறித்த சொல், எல்லையோடு ஒப்பிடப்படும் எண்ணைக் குறிக்கலாயிற்று. இரவற்சொல் பொருள் மாறுதலுக்கு இது நல்ல சான்று. தமிழ்நாட்டு மாணவரின் பேச்சை ஆங்கிலமாக்குபவர் இச்சொல்லை அப்படியே எழுதின் வெளியூரார் பிழையாகப் புரிந்துகொள்வர்.

நாளைக் குறிக்கும்போது இடர் மிகுகிறது. 'கட் ஆஃப் டேட்' என்பதற்குத் தமிழில் 'கடைசி நாள்', 'இறுதி நாள்' என்னும் பெயர்ப்புகள் காணப்படுகின்றன. கடைசி நாள் என்பது வரவிருக்கும் நாள். அதற்குள் ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். 'கட் ஆஃப்' நாளோ பெரும்பாலும் கடந்துபோன நாள். அந்நாளில் ஒருவர் எந்நிலையில் இருந்தார் என்பதே வினா. இனி அவர் செய்யக்கூடியது ஏதுமில்லை. சான்று காட்டலாம், அவ்வளவே.

அந்தமானில் வனநில ஆக்கிரமிப்புகளை 1978ஆம் ஆண்டுக்கு முந்தியவை, பிந்தியவை எனப் பிரித்து நோக்குதல் வழக்கம். மரம் வெட்டுதலுக்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்த 2002 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்ற ஆணையும், அதற்கு அடிப்படையான சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையும் இப்பிரிவைக் கருத்திற்கொண்டவை. குடியேறிய ஒருவரிடம் 'உங்களுக்குக் கடைசி ஆண்டு 1978' என வாய்மொழியாகச் சொல்லப்பட்டால் அவர் என்ன விளங்கிக்கொள்வார்? விண்ணப்பிக்கும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது எனக் கருதி, 1978க்கு முன்னரே அவர்தம் தந்தை குடியேறியதற்கான தாளைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பார். அத்தாளே அவருக்குச் சான்று. 'வரையறை நாள்' அல்லது 'தகுதி வரம்பு நாள்' என்னும் பெயர்ப்பு சற்று நீளமாயினும் இப்பிழைக்கு இடந்தருவதில்லை.

எல்லை நாள் எப்பக்கம் சேரும் என்பதும் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பே. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு 'முன்' நிலத்தைக் கைக்கொண்டிருத்தலை வேண்டுகிறது. பழங்குடியினர் அல்லாத பிற வனவாசிகளாயின், அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்திருத்தலையும் வேண்டுகிறது. இதனை '13ஆம் நாள் வரை' எனப் பெயர்த்தால் தமிழில் அந்நாளும் உள்ளடங்கும், மூலத்தில் அடங்காது. அசாம் தொடர்பான குடியுரிமைச் சட்டப் பிரிவு, 1966 சனவரி 1ஆம் நாள் அன்றோ அதற்குப் பின்னரோ, ஆனால் 1971 மார்ச் 25ஆம் நாளுக்கு முன்னர், வந்தவர் எனப் பகுத்துரைக்கிறது. 'அன்றோ அதற்குப் பின்னரோ' என்பதைச் சுருக்கி '1966 சனவரி 1க்குப் பிறகு' என்று எழுதுவோர் உளர். அவ்வாறு எழுதின் சனவரி முதல் நாள் வந்தவர் பிரிவுக்கு வெளியே நிற்பார். 'முன்', 'பின்' என்பன நாளை விலக்கும். 'வரை' நாளைத் தழுவும். 'முதல்' நாளைத் தழுவும். 'அன்று' என்னும் ஒரு சொல்லைச் சேர்ப்பதால் தொடரின் அழகு கெடும் என அஞ்சுவோர், எல்லை நாளன்று படகிலிருந்து இறங்கியவர் ஒருவர் அத்தொடரைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பதாக எண்ணிக்கொண்டு எழுதுவாராக.